விற்றவர் ஏற்றாத பில்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் மஞ்சள் மண்டிகளுக்கும் வரிக் கணக்குப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு மாதத்தில் மூன்று தேதிகள்தான் முக்கியம். 11ஆம் தேதிக்குள் விற்பனைப் பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1. 14ஆம் தேதி, விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்துப் போர்ட்டலே தயாரித்துத் தரும் 2பி. 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி முடிக்கும் 3பி. கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

ஜிஎஸ்டிக்கு முந்தைய வேட் (மதிப்புக் கூட்டு வரி) காலத்தில் தலைவலி வேறு. வெளிமாநிலத்துக்குச் சலுகை வரியில் சரக்கு விற்றால், வாங்கியவர் சி படிவம் அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் மீதி வரி விற்றவர் தலையில் விழும். அந்த ஒரு தாளுக்காக ஊர் ஊராகப் போன் போடுவோம். லாரிகள் சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்கும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது, சாவடிகள் போயின, மறு ஆண்டு இ-வே பில் வந்தது. தொடக்கத்தில் கடைசித் தேதியன்று போர்ட்டல் படுத்துக்கொண்ட கதைகளை விட்டுவிடுவோம். இன்று ரிட்டர்ன் போட யாரும் ஆபீஸ் படியேறுவதில்லை. வேகம் உண்மைதான்.

ஆனால் அதிகாரி பார்த்த சரிபார்ப்பு வேலையில் பெரும்பங்கு இப்போது கடைக்காரர் மேசையில் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் கறாராகிவிட்டது. விற்றவர் ஏற்றிய பில் 2பியில் தெரிந்தால்தான் வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை. கையில் பில், கிடங்கில் சரக்கு, வங்கிக் கணக்கில் பணம் போன சான்று, எல்லாம் இருந்தும் போதாது. விற்றவர் வணிகருக்கான பி2பி பில்லை நுகர்வோருக்கான பி2சி கணக்கில் போட்டிருந்தால் போச்சு. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர் என்றால், இடை மாதங்களில் பில் ஏற்றுவதற்கான ஐஎஃப்எஃப் வசதி வழியாக ஏற்றாதவரை காத்திருக்க வேண்டியதுதான்.

"ஏனுங்க ஆடிட்டரே, வரியோட சேத்தித்தானே அவருக்குப் பணம் குடுத்தேன், மறுக்கா நான் எதுக்குக் கட்டோணும்?" என்று கேட்கிறார்கள். விற்றவர் அரசுக்கு வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16(2)(சி). அதைச் சொல்ல முடிகிறது, நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டாதவரைப் பிடிக்கத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. கடைக்காரரிடம் இருப்பது விற்றவருடைய போன் நம்பர் மட்டும்.

பெரிய கடைகள் வழி கண்டுவிட்டன. 2பியில் பில் தெரியும்வரை வரித் தொகையை மட்டும் நிறுத்திவைக்கின்றன. சரக்குக் கொடுத்த சின்ன விசைத்தறிக்காரரின் கைமுதல் அங்கே முடங்குகிறது. நிர்வாகத் திறன் பற்றிய எந்தக் கணக்கிலும் இந்தச் செலவு வராது.

நோட்டீசும் இப்படித்தான். போர்ட்டலில் போடுவதையும் முறைப்படி சேர்ப்பித்ததாகவே பிரிவு 169 ஏற்கிறது. 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற மூலையில் கிடந்ததைக் கவனிக்காமல், உத்தரவு வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் ஏராளம். பல வழக்குகளில் வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு பதிவுத் தபால் செலவை மிச்சம் பிடித்த சிக்கனம்!

நீங்கள் கடை வைத்திருப்பவர் என்றால், நோட்டீஸ் வந்த தகவல் போய்ச் சேரும், ஜிஎஸ்டி பதிவில் உள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று இன்றைக்கே பாருங்கள். ஓடிபி வாங்க வசதி என்று பல இடங்களில் ஆலோசகர் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆலோசகர் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. உங்கள் எண்ணைப் போடுங்கள்.