வில்பத்துவில் ஒரு பகல்

விடுமுறையிற் பிள்ளைகளுடன் வில்பத்துக் காட்டிற்குச் செல்லும் குடும்பங்களுட் பல, சிறுத்தை ஒன்றைக் கண்டுவிடவேண்டும் என்ற ஒரே எண்ணத்துடனேயே செல்கின்றன. இது வியப்பன்று. புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவில் வேட்டை விலங்குகளுள் தலையாயது சிறுத்தையே; அதனாற்போலும் அது பட்டப்பகலிலும் திறந்த வெளியில் அச்சமின்றி நடமாடுகின்றது. ஆயினும், அதனை மட்டுமே தேடுங் கண்ணுக்குக் காடு வெறும் மரக்கூட்டமாகிவிடும்.

ஆடி மாதத்தில் அங்கு சென்ற ஒரு குடும்பம் உண்டு. பாட்டனார் வவுனியாவைச் சேர்ந்தவர். 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட இக்காட்டை இளமையிற் பலமுறை கண்டவர். போர் காரணமாக அது 1980களில் மூடப்பட்டது. 2003இல் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2010இலேயே மறுபடி திறக்கப்பட்டது. ஆகவே, அவருடைய மகன் தன் பிள்ளைப்பருவத்தில் அதன் வாசலைக்கூடக் கண்டதில்லை. பேரப்பிள்ளைகளுக்காவது தாமே காட்டவேண்டுமென அவர் வந்திருந்தார். ஆனால், பார்வை மங்கிவிட்டது.

வில்லு எனப்படும் நீர்நிலைகளுள் ஒன்றனருகே சிறுத்தை நிற்பதாகச் சாரதிக்குத் தொலைபேசியிற் செய்தி வந்தது. ஜீப் வண்டிகள் யாவும் அத்திசையிற் புழுதி கிளப்பி விரைந்தன. மகனும் அவசரப்பட்டார்.

“பொறு தம்பி, மான் கத்துது” என்றார் பாட்டனார்.

மந்தி உயரத்திலிருந்து காண்பது. புள்ளிமான் நிலத்தில் நின்று மோப்பம் பிடிப்பது. மந்தி உதிர்க்கும் இலையையும் பழத்தையும் மான் உண்ணும். ஒன்றன் எச்சரிக்கைக் குரல் மற்றதற்கும் காவலாகும். இதனை அவர் கூறிக்கொண்டிருக்கையிலேயே மரத்தின்மேல் மந்தியும் குரல் கொடுத்தது.

அரைமணி நேரம் காத்திருந்தனர். சிறுத்தை வரவில்லை. கொடுத்த பணத்தை எண்ணி மகன் முகஞ்சுளித்தார். பிள்ளைகளோ சும்மா இருக்கவில்லை. பாலைப்பழக் காலம் முடிந்திருந்தும், மரப்பட்டையிற் கரடி ஏறிய நகத்தடங்களைச் சிறுமி கண்டுபிடித்தாள். வில்லின் கரையிற் கட்டையென நினைத்தது வாய்திறந்து முதலையாயிற்று. உடும்பொன்று அவசரமின்றிப் பாதையைக் கடந்தது. ஒவ்வொன்றும் எங்கே, எப்படி இருக்கின்றதென்று பாட்டனாருக்குச் சொல்வது பிள்ளைகளின் வேலையாயிற்று.

திரும்பும் வழியிற் சாரதி வண்டியை நிறுத்தினார். காலையில் அவர்களது சக்கரம் பதிந்த மணற்றடத்தின்மேல், வட்டமான பாதச்சுவடுகள் வரிசையாகக் கிடந்தன. இறங்க அனுமதி இல்லை, எட்டிப் பார்த்தனர்.

“அப்பப்பா, அது எங்களைப் பார்த்திருக்குமோ?”

“பாராமல் விடுமே?”

மாலை ஆறு மணிக்கு வாசல் மூடப்பட்டுவிடும். வண்டி மெல்ல நகர்ந்தது.