தலைமையாசிரியர் அறையும் ஆசிரியர் அறையும்

கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் பிணக்கு மூளும் இடங்கள் அதிகமில்லை. ஆண்டுத் தொடக்கப் பணிப்பங்கீடு, வகுப்பறைக் கண்காணிப்பு, ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் புள்ளி, ஆசிரியர் கூட்டம் என்று சொன்னால் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். சுங்கைப்பட்டாணி நகரப் பள்ளியிலும் பாலிங் பக்கத்துத் தோட்டப் பள்ளியிலும் இந்தப் பட்டியல் ஒன்றுதான். பிணக்கு வளரும் விதமும் தணியும் விதமும்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. தலைமையாசிரியரின் குணத்தைக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். குணத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் பதவி எப்படி வந்தது, அதன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, பள்ளி எவ்வளவு பெரியது என்பவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

தோட்டப் பள்ளிக்கு முதலில் தலைவராக இருந்தவர் தோட்ட நிர்வாகியான துரை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தக் கூட்டில் சேராத கெடாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் அதே சாயலில்தான் பள்ளிகள் எழுந்தன. கிராணியோ கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளியோ ஆசிரியராக அமர்த்தப்பட்டார். சம்பளம் தோட்டக் கணக்கில் வந்தது. இடம், கொட்டகை, மேசை, கரும்பலகை எல்லாம் துரையின் தயவு. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் ஆசிரியர் சம்பளம் படிப்படியாக அரசாங்கத்திடம் போனது. துரையின் பிடி தளர்ந்த இடத்தில் தலைமையாசிரியர் நின்றார். லயத்துக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் பாரம் நிரப்பியவர் அவர். கோயில் திருவிழாக் கணக்கைப் பார்த்தவரும் அவரே. அவர் சொன்னால் தோட்டம் கேட்டது. இந்த மரியாதை உழைத்துச் சம்பாதித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மறுபேச்சுக் கேட்டுப் பழகாத ஒரு நாற்காலியும் அதனோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்து வரும் இன்றைய ஆசிரியர் அந்த நாற்காலியின் முன்னால் நிற்கும்போதுதான் முதல் உரசல் ஏற்படுகிறது.

இன்றைய தலைமையாசிரியரின் அதிகாரத்தைச் சட்டத்தில் தேடினால் அது சிறியதாகவே தெரியும். ஆசிரியரை அவர் நியமிப்பதில்லை, நீக்க முடியாது, தம் விருப்பப்படி மாற்றவும் முடியாது. அவையெல்லாம் அமைச்சு, மாநிலக் கல்வி இலாகா, பிபிடி எனப்படும் மாவட்டக் கல்வி அலுவலகம் ஆகியவற்றின் வேலை. பொது ஊழியர் ஒழுங்கு விதிமுறைகள் 1993, தலைமையாசிரியரையும் ஆசிரியரையும் ஒன்றுபோலவே கட்டுகின்றன. எனினும் ஆசிரியரின் நேரம் முழுக்கத் தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு எத்தனை பாடவேளை, யார் மாலையில் நின்று திடல்தடப் பயிற்சி கொடுப்பது, வராதவர் வகுப்புக்கு யார் ரெலிஃப் எடுப்பது, யாருடைய அவசர விடுப்புக்கு முகம் சுளிக்காமல் கையெழுத்துக் கிடைக்கும் என்பவை அன்றாடம் முடிவாகின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பிள்ளையைப் பராமரிப்பாளரிடமிருந்து அழைத்துவர வேண்டிய ஒருவருக்கு மாலை நாலு மணிக் கூட்டம் என்ற ஒரு வரி, எந்தச் சுற்றறிக்கையைவிடவும் கனமானது.

தலைமைப் போக்குகளை வகைப்படுத்தும் ஆய்வு பழையது. கர்ட் லெவினும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவர் குழுக்களில் ஆணையிடும் தலைமை, கலந்து செய்யும் தலைமை, விட்டுவிடும் தலைமை என்ற மூன்றையும் ஒப்பிட்டது. ஆணையிடும் தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலை தொய்ந்தது என்பது அதில் நினைவில் நிற்கும் செய்தி. தலைமையாசிரியர் பிபிடி கூட்டத்துக்குக் கிளம்பிய நாளில் ஒரு பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே அங்குள்ள தலைமை எவ்வகை என்பது விளங்கிவிடும். பின்னாளில் ஹாலிங்கரும் மர்ஃபியும் 1985இல் முன்வைத்த கற்பித்தல் தலைமை என்ற கருத்து மலேசியாவில் பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் ஜித்ராவில் உள்ள அமினுடின் பாக்கி பயிற்சிக் கழகக் கிளையிலும் இவை பாடமாகவே சொல்லித்தரப்படுகின்றன. தலைமையாசிரியர் ஆக விரும்புவோர் என்பிக்யூஇஎல் தகுதிப் பயிற்சியை முடிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் பெறாதவரைவிடத் தெளிவாகத் திட்டமிடுகிறார். ஆனால் ஏழெட்டு ஆசிரியர்களோடு ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கலை பாடத்திட்டத்தில் சிறு இடமே பெறுகிறது.

பணிப்பங்கீட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டின் கடைசி வாரங்களில் ஆசிரியர் அறைப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது, அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வந்து விழுகிறது. ஒவ்வொருவரும் முதலில் தம் பெயரைத் தேடுகிறார்கள். உடனே அடுத்தவர் பெயரையும் தேடுகிறார்கள். ஆறாம் ஆண்டு கணிதத்தை நெடுங்காலம் எடுத்து வந்தவர் பெயர் முதலாம் ஆண்டுக்கு நேரே இருக்கிறது. உணவுத் திட்டம், பாடநூல் கடனுதவி, சாரணர் இயக்கம் மூன்றும் ஒரே இளம் ஆசிரியையின் தலையில். தலைமையாசிரியரோடு காலையில் ஒன்றாகப் பசியாறுபவருக்கு நூலகம் மட்டும். முதலாம் ஆண்டுக்குத் திறமையானவர் வேண்டும் என்ற நல்ல காரணம்கூட அந்த மாற்றத்துக்கு இருந்திருக்கலாம். அதை யாரும் சொல்லவில்லை. “ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்பதுதான் அடுத்து வரும் பேச்சு. இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் கெடாவின் ஆசிரியர் அறைக் கசப்புகளில் பாதி இருக்கிறது. வேலை கூடுதல் என்பதால் வரும் கோபம் சில வாரங்களில் ஆறும். கேட்காமல் கொடுத்தார்கள் என்ற கோபம் அடுத்த ஆண்டுப் பட்டியல் வரும்வரை ஆறுவதில்லை.

இதைத் தவிர்க்கும் முறை ஒன்று சில பள்ளிகளில் இருக்கிறது, பலன் தருகிறது. பட்டியல் வெளிவருவதற்கு முன் ஒரு பாரம் கொடுத்து, எடுக்க விரும்பும் பாடம், தொடர விரும்பும் பொறுப்பு, முடியாத நேரம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குகிறார்கள். துணைத்தலைமையாசிரியர்கள் மூவரும், அதாவது நிர்வாகம், மாணவர் நலன், புறப்பாடம் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள், முதல் வரைவைத் தயாரிக்கிறார்கள். கேட்டது கிடைக்காதவரைத் தலைமையாசிரியர் தனியே அழைத்துக் காரணம் சொல்கிறார். பட்டியல் அதற்குப் பிறகே வெளிவருகிறது. கேட்டது கிடைக்காதவரும் அதை ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால் காரணம் தெரிந்திருக்கிறது.

வகுப்பறைக் கண்காணிப்பு, ஆசிரியர் பேச்சில் ‘பென்செராப்பான்’, இரண்டாவது பெரிய களம். 2017 முதல் நடப்பில் உள்ள மலேசியக் கல்வித் தரத்தின் இரண்டாம் அலைக் கருவியில் கற்றல் கற்பித்தல் நான்காவது தரமாக வருகிறது. திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஆசிரியர் ஐந்து வகையில் பார்க்கப்படுகிறார். மாணவர் முனைப்பாகக் கற்கிறாரா என்பது ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கருவி நல்ல கருவிதான். அதை வைத்திருப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்து, பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனால் அது தீர்ப்புத் தாளாகிவிடுகிறது.

தோட்டப் பள்ளியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 150 மாணவருக்குக் குறைந்தவை குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. மாணவர் எண்ணிக்கை 30க்கும் கீழே போய்விட்டால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறார்கள். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, இளம் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு இத்தகைய பள்ளிகள் கெடாவில் பல. அப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியை இடப்பக்கம் உள்ள மூன்றாம் ஆண்டுக்குப் பின்னக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பயிற்சித் தாளோடு தாங்களாகவே இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே வருபவர் ‘மாணவரில் பாதிப் பேர் கவனிக்கப்படவில்லை’ என்று எழுதினால் அது கண்ணால் கண்ட உண்மை, ஆனால் அநீதி. கலவை வகுப்பு எடுத்த அனுபவம் உள்ள தலைமையாசிரியர் முழுப் பாடவேளையும் உட்காருவார், இரண்டு பக்கப் பயிற்சிப் புத்தகங்களையும் புரட்டிப் பார்ப்பார், அன்றைய இடைவேளையிலேயே ஆசிரியரோடு பேசுவார். தாமும் வாரத்தில் சில பாடவேளை கற்பிக்கிறவர் தலைமையாசிரியர். தம்முடைய வகுப்புக்கு மற்றவர்களை வந்து பார்க்கச் சொல்பவரை எதிர்த்து ஆசிரியர் அறையில் குரல் எழுவது அரிது.

ஆண்டு மதிப்பீட்டுப் புள்ளியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இதில் வரும் கசப்பு பெரும்பாலும் மேற்சொன்ன இரண்டின் தொடர்ச்சி. அந்தப் புள்ளியை ஒட்டிக் கொடுக்கப்படும் சிறந்த சேவை விருது ஊழியரில் சிறு பங்கினருக்கே கிடைக்கும். அதனால் மிகச் சிறிய பள்ளியில் அது ஆண்டுக்கு ஒருவருக்கு மேல் போவது கடினம். என்ன செய்தவருக்குக் கொடுக்கப்பட்டது என்று பேர் சொல்லி, வேலை சொல்லி அறிவிக்கும் பள்ளியில் முணுமுணுப்புக் குறைகிறது.

கூட்டத்துக்கு இப்போது இரண்டு இடங்கள்: ஆசிரியர் அறை, கைப்பேசி. கெடாவில் பள்ளி வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. அமைச்சு இருக்கும் புத்ராஜெயாவில் வெள்ளிக்கிழமை வேலை நாள். அங்கிருந்து வெள்ளிக்கிழமை புறப்படும் ஓர் ஆணை, மாவட்டம் தாண்டிப் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது கெடா ஆசிரியர் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ இருப்பார். ‘உடனடியாக அனுப்பவும்’ என்ற ஒரு வரியும் ஓர் இணைப்பும் வருகின்றன. பதில் போடாதவர் பெயரைக் குழுவிலேயே குறிப்பிட்டுக் கேட்பது சிலருடைய பழக்கம். நேரில் சொன்னால் கடிந்துகொள்வதாக மட்டும் முடிந்திருக்கக்கூடிய ஒன்று, குழுவில் எழுதப்படும்போது எல்லார் முன்னும் நடந்த அவமதிப்பாகிறது, அழிக்கவும் முடிவதில்லை. நேர்க் கூட்டத்தில் ஆகும் தவறு வேறு. இரண்டு மணி நேரமும் தலைமையாசிரியரே பேசி, ‘வேறு ஏதும் உண்டா’ என்று கடைசி நிமிடத்தில் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அன்று பேசாமல் விட்டது மறுநாள் சிற்றுண்டிச் சாலையில் பேசப்படுகிறது.

பிள்ளைகளின் பேரில் வரும் பிணக்குக்கு இவை எல்லாவற்றையும்விட மதிப்பு உண்டு. 1988இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்படும் வரை, ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடே தலைமையாசிரியரின் பெயராக இருந்தது. விடுமுறை வகுப்பு, இரவு வகுப்பு, தேர்வு முகாம் என்று ஆசிரியர்கள் இழுக்கப்பட்டார்கள். தேர்வு போனபின் அந்த இடத்தைச் சில பள்ளிகளில் போட்டிகள் பிடித்துக்கொண்டன. புத்தாக்கப் போட்டியில் தங்கம் வாங்கும் ஐந்து பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியர் வாரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே இருக்கிறார். அவர் விட்டுச் சென்ற வகுப்பில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் ரெலிஃப் ஆசிரியரோடு காத்திருக்கிறார்கள். பதக்கம் தமிழ்ப்பள்ளிக்கு வெளியுலகில் பெருமை சேர்த்தது உண்மை. மாணவர் சேர்க்கைக்கும் உதவுகிறது. எனினும் படிக்கத் திணறும் அந்தப் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்கும் ஆசிரியரை ஒத்துழைக்காதவர் என்று பட்டம் கட்டுவது பெரிய தவறு. இந்த எதிர்ப்பைத் தலைமையாசிரியர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பள்ளி எதற்காக இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து அது எழுகிறது.

நகரப் பள்ளியில் பிணக்கு அணிகளாகப் பிரிகிறது. ஐம்பது அறுபது ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் தலைமையாசிரியருக்கு வேண்டியவர், வேண்டாதவர், ஒதுங்கி இருப்பவர் என்று மூன்று மேசைகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. தலைமையாசிரியர் எல்லாரையும் நேரில் பார்க்க முடியாது. துணைத்தலைமையாசிரியர் கொண்டுவரும் செய்தியே அவருடைய கண். சிறிய பள்ளியில் அணி சேர ஆள் இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பெரிய பள்ளியில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இங்கும் உண்டு, எல்லாவற்றிலும் அதே பெயர்கள். இங்கே ஒருவர் தலைமையாசிரியரோடு பேசாமல் இருந்தால் பள்ளியே பாதி நின்றுவிடும். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரே காரில் சேர்ந்து வரும் ஆசிரியர்களுக்குள் ஆன மனத்தாங்கல், போக வர முழுப் பயணமும் கூடவே வரும்.

பேச்சில் தீராதது எழுத்துக்குப் போகிறது. முதலில் மொட்டைக் கடிதம். அது பிபிடிக்கும் மாநிலத் தமிழ்ப்பள்ளி அமைப்பாளருக்கும், சில வேளை நாளிதழுக்கும் போகும். மறுபக்கத்திலிருந்து காரணம் கேட்கும் கடிதம். பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் அரசியல் கட்சிக் கிளையிலும் ஆள் தேடுவது. பொது ஊழியர் தம் பணி விவகாரத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதை 1993 விதிமுறைகள் தடுக்கின்றன. ஆனாலும் தோட்டத்திலும் சிற்றூரிலும் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர் என்பதால் இது நடக்கிறது. மொட்டைக் கடிதத்தால் நியாயம் கிடைப்பது அபூர்வம். எழுதியவர் யார் என்று தேடும் வேலையில் சொல்லப்பட்ட குறை மறைந்துபோகிறது. பெயர் போட்டு, நாள் குறித்து, நடந்ததை மட்டும் எழுதித் தலைமையாசிரியரிடம் முதலில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்வதே ஆசிரியருக்குப் பாதுகாப்பு. அதன் பின் 1974இல் தொடங்கப்பட்ட தேசிய ஆசிரியர் சங்கத்தின் கிளையை நாடலாம். கெடாவில் இன்னொரு வழியும் உண்டு. மாவட்ட உருமாற்றத் திட்டம் 2013இல் கெடாவிலும் சபாவிலும் முன்னோடியாகத் தொடங்கி மறு ஆண்டு நாடு முழுதும் விரிந்தது. அதன்படி தலைமையாசிரியருக்கு வழிகாட்ட ஓர் அதிகாரியும் ஆசிரியருக்கு வழிகாட்ட வேறோர் அதிகாரியும் மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். இந்த இருவரையும் புள்ளி எண்ண வருபவர்களாக நடத்தாமல், பிணக்கு முற்றும் முன்பே அழைத்து உட்கார வைத்த பள்ளிகள் பயன் பெற்றிருக்கின்றன.

இறுதி வழி மாற்றல். ஆசிரியர் இணையம் வழி விண்ணப்பித்துக் கிடைக்கும்வரை காத்திருக்கிறார். தலைமையாசிரியர் மாற்றப்படுகிறார் அல்லது ஓய்வு பெறுகிறார். நகரப் பள்ளிக்கு ஒருவர் போவதால் பெரிய நட்டமில்லை. ஏழு பேர் உள்ள பள்ளியில் கணிதம் எடுத்தவர் போய்விட்டால் பதிலாள் வரும்வரை அந்தப் பாடம் தவிக்கிறது. புதிய தலைமையாசிரியருக்கு முன்னவர் பணி ஒப்படைப்புக் குறிப்பு தருகிறார். அதில் கட்டடம், கணக்கு, தளவாடம் எல்லாம் இருக்கும். கடந்த மூன்று ஆண்டுப் பணிப்பங்கீட்டுப் பட்டியலும், யார் எதைக் கேட்டார், எது ஏன் மறுக்கப்பட்டது என்ற விவரமும் அதில் சேர்வது அரிது. அவை சேர்ந்திருந்தால் புதியவர் முதல் வாரத்திலேயே பழைய பட்டியலை அறியாமல் திரும்ப எழுத வேண்டியிராது.