பத்தும் இருபதும் நாற்பதும்

கல்லூரி மலருக்கு எழுதுவோர் ஆசிரியரின் பிரம்பையும் விடுதிச் சோற்றையும் நினைவுகூர்வதே வழக்கம். அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்லார் பலருளர். ஆகையால் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரும் முதுமையிலே அவர்களைப் பின்தொடர்ந்து செல்கின்றனர். சென்ற நாட்டின் வரி, உதவிப் பணம், இளைப்பாற்றுச் சம்பளம் ஆகிய மூன்றின் ஒழுங்கையும் அறியாமையால் அவர்கள் இழப்பது சிறிதன்று. கனடாவிலே நெடுநாள் வாழ்ந்து யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

யாம் பிறந்த பெரியகல்லாறு, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்க, மட்டக்களப்பு கல்முனை வீதியை ஒட்டிக் கிடக்கும் ஊர். அங்கே முதுமைக்கு மூன்று வகையான ஏற்பாடுகள் இருந்தன. அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு மாதந்தோறும் இளைப்பாற்றுச் சம்பளம். படுவான்கரையில் வயலுடையவருக்குப் போகந்தோறும் நெல். இரண்டும் இல்லாதவருக்கு மகளின் வீடு. வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, அவ்வளவிலேயே ஒரு சிறு வீட்டிற் பெற்றோர் எஞ்சிய நாளைக் கழிப்பது மட்டக்களப்பு வழக்கு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது; கமக்காரருக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. எனினும் மக்கள் மனத்தில் வேரூன்றி நின்றது மகள் வீடே. அரசாங்கத்தின் பணம் உத்தியோகத்தருக்கு உரிமை, மற்றையோருக்குப் பிச்சை என்னும் எண்ணமும் உடன் வேரூன்றிற்று.

அவ்வெண்ணத்தையும் பெட்டியுள் வைத்துக்கொண்டே எம்மவர் விமானம் ஏறுகின்றனர். ரொறன்ரோவில் எமது அயலில் நம்மூர் மூதாட்டியார் ஒருவர் இருந்தார். 1999இல், தமது 62ஆம் வயதில், மகனிடம் வந்தவர். பத்தாண்டு நிறைந்ததும் முதியோர் பாதுகாப்புப் பணத்துக்கு விண்ணப்பிக்குமாறு பலர் கூறினர். “மகன்ர சோறு இருக்க, அரசாங்கத்தின்ர கையை நான் ஏன் பார்க்க வேணும்?” என்பதே அவர் மறுமொழி. மகனோ இரண்டு வேலை பார்த்தான். அவன் பாரம் அறிந்த தாய், பல்வலியையும் அவனிடம் கூறாது மாதக்கணக்கிற் பொறுத்தார். 2014இல், பேத்தியின் வற்புறுத்தலால், விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். பணம் வந்தது, நிலுவையும் வந்தது. ஆனால் அந்நாட்டுச் சட்டம் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்திய 11 மாதங்களுக்கு மேல் நிலுவை தருவதில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுப் பணம் போயிற்று. அவர் வருந்தியது பணத்துக்காக அன்று. “நான் பிச்சை எண்டு நினைச்சது உரிமையாமே! என்ர பிள்ளையை வீணாக வருத்திப்போட்டேனே!” என்றார்.

அது பிச்சையன்று என்பதற்கு அத்திட்டத்தின் வரலாறே சான்று. 1952ஆம் ஆண்டு சனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, 70 வயதும் 20 ஆண்டு வதிவும் வேண்டப்பட்டன. வறுமைச் சோதனை வேண்டப்படவில்லை. இன்று 65 வயது போதும். அதனை விளங்கிக்கொள்ள மூன்று எண்களை மனனம் செய்க: பத்து, இருபது, நாற்பது. பதினெட்டு வயதின் பின் கனடாவில் 10 ஆண்டு வாழ்ந்தவர் அங்கிருந்தே அப்பணத்தைப் பெறத் தகுதியுடையர். 40 ஆண்டு வாழ்ந்தவருக்கு முழுத்தொகை. குறைந்தவருக்கு ஆண்டொன்றுக்கு நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே, அறுபதில் வந்தவர் எழுபதிற் காற்பங்கு பெறுவர். வருமானம் குன்றியவருக்கு உத்தரவாத வருமானக் குறைநிரப்பு என்னும் தொகை அதன்மேற் சேரும். 1966இல் தொடங்கிய கனடா ஓய்வூதியத் திட்டம் இதனின் வேறானது. வேலை செய்து பங்களித்தவருக்கே அது உரியது.

இருபது என்னும் எண்ணே எம்மவர் நெஞ்சைத் தைப்பது. முதுமையில் வாவிக்கரைக்கு மீள விரும்பாதார் நம்முள் எவர்? 20 ஆண்டு நிறையாதவர் நாட்டைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் நீங்கியிருப்பின், முதியோர் பாதுகாப்புப் பணம் நின்றுவிடும். குறைநிரப்போ எத்தனை ஆண்டு வாழ்ந்தவருக்கும் அவ்வாறே நின்றுவிடும். பதினெட்டாம் ஆண்டில் ஊர் திரும்ப எண்ணிய அன்பர் ஒருவர், இதனைக் கேட்டு இரண்டாண்டு பொறுத்துச் சென்றார். இன்று ஊரில் எவர் கையையும் பாராது வாழ்கின்றார். கணக்கறியாது சென்ற வேறு சிலர், மீண்டும் குளிர்நாட்டுக்கே திரும்ப நேர்ந்ததையும் யாம் கண்டோம்.

இனி வரி. “வருமானமே இல்லாதவருக்கு வரிப் படிவம் எதற்கு?” என்று முதியோர் கேட்பர். ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்கு முன் அனுப்பும் அப்படிவத்தைக் கொண்டே குறைநிரப்பும், இளங் குடும்பங்களுக்குரிய பிள்ளை நலப் பணமும் கணக்கிடப்படுகின்றன. படிவம் போகாவிடிற் பணமும் வாராது. அன்றியும், குடியிருப்பாளரான நாள் முதல் உலகில் எங்கே பெற்ற வருமானமாயினும் அதிற் காட்டல் வேண்டும். படுவான்கரை வயலின் குத்தகை, ஊர் வீட்டின் வாடகை, இலங்கை அரசின் இளைப்பாற்றுச் சம்பளம் ஆகிய யாவும் இதில் அடங்கும். ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி விழாதிருக்க இருநாட்டரசும் 1982இல் உடன்படிக்கை செய்துள்ளன. காட்டுவதால் எப்போதும் வரி கட்ட நேரும் என்பதில்லை. மறைத்துப் பெற்ற உதவியோ பின்னர்க் கடனாக வந்து நிற்கும்.

உதவிப் பணத்திலும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. பெற்றோரை அழைக்கும் மகனோ மகளோ 20 ஆண்டு, கியூபெக் மாகாணத்தில் 10 ஆண்டு, அவர்களைத் தாங்குவதாக அரசுக்கு உறுதி எழுதிக் கொடுக்கின்றனர். அக்காலத்துள் பெற்றோர் மாகாணத்தின் சமூக உதவியைப் பெறின், அத்தொகை அழைத்தவரின் கடனாகும். முதியோர் பாதுகாப்புப் பணம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, மகனுக்குக் கேடு வருமென்று அஞ்சி உரிமையைக் கைவிட்டோர் பலர்.

பிற நாடுகளில் வாழும் அன்பர்களும் இக்கருத்தைத் தத்தம் நாட்டுக்குப் பொருத்திக்கொள்க. பிரித்தானியாவில் 2016 முதலுள்ள அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 10 தகுதி ஆண்டுகளும், அதன்பின்னரே காப்புறுதிப் பதிவு தொடங்கியவருக்கு முழுத்தொகைக்கு 35 ஆண்டுகளும் வேண்டும். சுவிற்சர்லாந்திலே பங்களிப்பு ஓராண்டு விடுபட்டால் நாற்பத்து நான்கில் ஒரு பங்கு குறையும். எங்கும் நியாயம் ஒன்றே: ஆண்டுகளே சொத்து, அவற்றுக்குச் சான்று கடதாசி. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் நம்மூரில் உயிர்களோடு பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் உறுதிகளையும் வாரிச் சென்றது. கடதாசி இழந்தவர் தாம் இன்னார் என்று நிறுவ அலைந்த அலைச்சலை அறிந்த நாம், பழைய கடவுச்சீட்டைக் குப்பையில் எறியலாமா? வந்த நாளுக்கும் வாழ்ந்த ஆண்டுக்கும் அதுவே சாட்சி.

எமது விண்ணப்பம் ஒன்று. வெளிநாட்டுக் கிளைச் சங்கங்கள் ஆண்டுதோறும் விருந்தும் விளையாட்டும் நடத்துகின்றன; நன்று. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமையையும் ஒதுக்குக. கணக்கியல் கற்ற இளைய மாணவர் நால்வர் ஒரு மேசையில் அமர்ந்து, முதியோரை வரவழைத்து, வந்த ஆண்டு யாது, வயது யாது, விண்ணப்பித்தாயிற்றா என்று வினவுவாராக. சட்டங்கள் மாறுவன ஆதலின், அவ்வாண்டு விதியை உரிய கந்தோரிற் கேட்டறிந்தே கூறுவாராக. ஒரு தாய் தன் பல்வலியை மறைக்க வேண்டாத நிலை அதனால் வருமாயின், கல்லூரி நமக்குக் கற்பித்த எண்ணும் எழுத்தும் பயன்பட்டனவாகும்.