பார்த்தவுடன் பணம்!

‘சைட்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காலேஜ் வாசல், பஸ் ஸ்டாப், எதிர்வீட்டு மொட்டை மாடி என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். எனக்கு ஞாபகம் வருவது பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச். பி.காம். படித்த தோஷம்!

தமிழில் மாற்றுண்டியல் என்பார்கள். சரக்கை அனுப்பிய வியாபாரி, ‘இவ்வளவு பணம் கொடு’ என்று வாங்கியவர் பேரில் எழுதும் சீட்டு. அதில் ‘அட் சைட்’ என்று இரண்டு வார்த்தை இருந்தால் தீர்ந்தது கதை. சீட்டை நீட்டியதும் காசை எடுத்து வைக்க வேண்டும். தவணை போட்ட சீட்டு என்றால், தவணை முடிந்த பிறகும் மூன்று நாள் கருணை உண்டு. ‘டேஸ் ஆஃப் கிரேஸ்’ என்று அதற்குப் பேர். இன்று செக் பவுன்ஸ் கேஸ் போடுகிறோமே, அதே 1881-ம் வருடச் சட்டம்தான் இதையும் சொல்கிறது. ஆனால், சைட் பில்லுக்கு அந்தக் கருணை கிடையாது. பார்த்தாயா? கொடு!

இது வெள்ளைக்காரன் மூளை என்று நினைத்துவிடாதீர்கள். வட இந்திய வியாபாரிகளிடம் அவன் வருவதற்கு முன்பே ‘தர்ஷனி ஹுண்டி’ இருந்தது. தரிசனம் ஆனதும் பணம். கோயில் உண்டியலில் நாம் போடுவதும் கிட்டத்தட்ட அதே ஒப்பந்தம்தானே!

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரரைக் கேட்டால், ‘சைட் எல்.சி.’ என்பதைச் சந்தோஷமாகச் சொல்வார். பேப்பர்களைச் சரிபார்த்ததும் பாங்க் பணம் கொடுத்துவிடும். 90 நாள் தேவுடு காக்க வேண்டாம்.

வைர வியாபாரத்திலும் ஒரு சைட் உண்டு. டி பியர்ஸ் கம்பெனி பட்டை தீட்டாத கற்களைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டி விற்கும் நிகழ்ச்சிக்கே ‘சைட்’ என்றுதான் பெயர். 2013-ல் அதை லண்டனிலிருந்து போட்ஸ்வானாவின் கபரோனுக்கு மாற்றினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது.

மற்ற இடங்களிலும் இந்த வார்த்தை சும்மா இருப்பதில்லை. துப்பாக்கியில் குறி பார்க்கும் முனை சைட். கண் டாக்டரிடம் போனால் ஷார்ட் சைட், லாங் சைட். ஒருவர் தாறுமாறாக உடுத்திக்கொண்டு வந்தால் இங்கிலீஷ்காரன் அவரையே ‘சைட்’ என்பான். நாம் ‘கண்றாவி’ என்கிறோம். அங்கேயும் கண், இங்கேயும் கண்! ‘ஓவர்சைட்’ இன்னும் வேடிக்கை. கண்காணிப்பதற்கும் அதே வார்த்தை, கவனிக்காமல் கோட்டை விடுவதற்கும் அதே வார்த்தை.

இத்தனை சைட் இருந்தும், ‘சைட் அடிப்பது’ மட்டும் அவர்களிடம் இல்லை. காப்பி அடித்தோம், அரட்டை அடித்தோம், பார்வையையும் விட்டுவைக்காமல் அடித்தோம். பக்கா உள்ளூர்த் தயாரிப்பு.

‘‘சும்மா பார்க்கிறதுதானே சார்! தொட்டோமா, பேசினோமா? காசா, பணமா?’’ என்பார்கள்.

காசு இல்லையா? என் அக்கா மகள் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் தன் ஸ்டாப்பில் இறங்குவதில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, சுற்றி நடந்து வருகிறாள். ‘‘ஏம்மா?’’ என்றேன். ‘‘ஸ்டாப் எதிர்ல டீக்கடை இருக்குல்ல மாமா... நாலு பேர் நிக்கிறாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பார்ப்பாங்க. வீட்டு முனை திரும்புற வரைக்கும் பார்ப்பாங்க’’ என்றாள். அதைச் சொல்லும்போதே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்குள், என் எதிரில்!

காமர்ஸ்காரன் புத்தி கணக்குப் போடாமல் இருக்குமா? தினமும் 15 நிமிஷம் கூடுதல் நடை. வருடத்துக்கு 300 வேலை நாள். 4,500 நிமிஷம், அதாவது 75 மணி நேரம். மூன்று நாளுக்கும் மேலே! சட்டம் கடன்காரனுக்குத் தருகிற அந்த மூன்று நாளை, யாரிடமும் கடன் வாங்காத இந்தப் பெண் வருடா வருடம் கட்டுகிறாள்.

சைட் பில்லில் பார்த்தவன் கொடுக்கிறான். சைட் அடிப்பதில் பார்க்கப்பட்டவள் கொடுக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த கும்பலின் சேட்டையில் கீழே விழுந்து உயிரையே இழந்தார். அதே வருடம்தான் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் இங்கே வந்தது. உயிர் போன பிறகும் அதற்கு வைத்த பேர் ‘டீசிங்’, கிண்டல்! பின்னாளில்தான் ‘துன்புறுத்தல்’ என்று மாற்றினார்கள். பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமாக 2013 வரை ஆகவேண்டியிருந்தது.

பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் காதல் ஏது, கல்யாணம் ஏது? அந்தப் பக்கமிருந்தும் ஒரு பார்வை வந்தால் அது வேறு கணக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், நடையை வேகப்படுத்தினாள் என்றால் பில் அவள் பேரில் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்று சாயங்காலம் உங்கள் தங்கையோ மகளோ வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: ‘‘எந்த ஸ்டாப்பில் இறங்கினாய்?’’