குளுக்கோமீட்டர் சொல்லும் சாட்சியம்



நம் இல்லங்கள் பலவற்றில் முஸல்லாவுக்கு அடுத்தபடியாக நாள்தோறும் கையில் எடுக்கப்படும் பொருளாகக் குளுக்கோமீட்டர் ஆகிவிட்டது. ஃபஜ்ர் தொழுது முடித்ததும் விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில வினாடிகளில் ஓர் எண். அது 98 எனில் நாவில் அல்ஹம்துலில்லாஹ் வருகிறது. 128 எனில் முகம் வாடிவிடுகிறது. மார்க்கச் சட்டம் கேட்டு என்னிடம் வருவோர் பலர், பேச்சின் முடிவில் இந்த எண்ணைப் பற்றிய கவலையில் வந்து நிற்பதைக் காண்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் 14 ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழும் என் உம்மாவின் அளவுகளை நாளேட்டில் குறித்து வருபவன். அவர்கள் மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாறிய பின், அந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதை மருத்துவரிடமும் நூல்களிலும் தேடிக் கற்க வேண்டியிருந்தது. கற்றதை உங்களுடன் பகிர்கிறேன்.

நம்மிடையே ‘பேலியோ’ என்றும் ‘கீட்டோ’ என்றும் இவ்வுணவு முறை பேசப்படுகிறது. சோறு, இட்லி, இடியப்பம், புரோட்டா ஆகியவற்றை ஒதுக்கி, முட்டை, மீன், இறைச்சி, நெய், பாதாம், கீரை ஆகியவற்றை உண்பது. இரண்டில் கீட்டோ சற்றுக் கடுமையானது. அதில் ஒரு நாளின் மாவுச்சத்து ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு கோப்பைச் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது என்றால் அதன் கண்டிப்பு விளங்கும். இது நேற்றுத் தோன்றிய முறையும் அன்று. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காக இதனை முன்மொழிந்தார். மாவுச்சத்து குறையும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து ‘கீட்டோன்’ என்னும் எரிபொருளை உண்டாக்குகிறது. இரத்தச் சர்க்கரை உயர்வதற்கான முதன்மையான காரணமும் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் நீரிழிவு உள்ளவர்களும் இதை நாடுகிறார்கள்.

மதரஸாவில் ஹதீஸ் பாடம் தொடங்கும் மாணவருக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது ஒன்றுண்டு. ஒரு செய்தி வந்தால் அதைக் கேட்டவுடன் ஏற்கவும் கூடாது, உடனே தள்ளவும் கூடாது. யார் அறிவித்தார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, எந்தச் சூழலில் சொன்னார், வேறு வழியில் அதற்கு வலுச்சேர்க்கும் அறிவிப்பு உண்டா என்று விசாரிக்க வேண்டும். புனிதமான அந்தக் கலையை ஒரு கருவியுடன் சமப்படுத்துவது என் நோக்கமன்று. விசாரிக்கும் அந்தப் பழக்கத்தை மட்டுமே இங்கே கடன் வாங்குகிறேன். குளுக்கோமீட்டர் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதலாகாது.

முதலில், சாட்சியின் துல்லியத்தைக் கேட்போம். வீட்டுக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதியின்படி, ஆய்வகத்தில் 100-க்கு மேல் வரும் அளவை வீட்டுக் கருவி 15 விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டலாம். 100-க்குக் கீழே 15 புள்ளி வரை வேறுபடலாம். உண்மையில் 120 இருப்பவருக்கு 105 என்றும் 135 என்றும் காட்டினாலும் கருவி பழுதானது என்று பொருளில்லை. நேற்று 112, இன்று 119 என்பதற்காக உறக்கத்தைத் தொலைப்பதில் பயனில்லை.

விரலின் தூய்மை அடுத்தது. பேரீச்சம்பழத்தின் கொட்டையை நீக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை மிகவும் உயர்த்திக் காட்டிவிடும். கைகளை நீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே சோதிக்க வேண்டும். சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்றில் அவை கெட்டுவிடும். காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

அளவீட்டு அலகையும் கவனிக்க வேண்டும். பினாங்கிலிருந்து மச்சான் கொண்டுவந்த கருவி 7.2 என்று காட்டியதும் எங்கள் உறவினர் ஒருவர் திகைத்துப் போனார். மலேசியா, சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு; நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 7.2 என்பது ஏறத்தாழ 130.

இனி, நேரத்தைப் பற்றிய கேள்வி. உம்மா புதிய உணவுக்கு மாறிய இரண்டாவது வாரத்தில் ஒரு நாளின் பதிவு இப்படி இருந்தது: ஃபஜ்ருக்குப் பின் 126, பகலுணவுக்கு முன் 104, உண்ட இரண்டு மணி நேரம் கழித்து 112, உறங்கும் முன் 108. உம்மா காலை எண்ணை மட்டும் பார்த்து, “நேற்று ஒரு பருக்கை சோறு தொடவில்லையே வாப்பா, பிறகு ஏன் இது?” என்று வருந்தினார்கள்.

மருத்துவர் விளக்கினார். தஹஜ்ஜுத் நேரம் தொடங்கிக் காலை வரை, விழித்தெழுவதற்கு உடலை ஆயத்தம் செய்யும் கார்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. அவற்றின் ஏவலால் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை ஆக்கிக்கொண்டே இருக்கும். மூளை முதலிய உறுப்புகளுக்கு அது தேவை. கீட்டோ உணவில் தசைகள் கொழுப்பைக் கொண்டே இயங்கப் பழகிவிடுவதால், அந்தச் சர்க்கரையை முன்போல் இழுத்துக்கொள்வதில்லை. அதனால் சிலருக்குக் காலை எண் மட்டும் சற்று உயர்ந்தும், மற்ற வேளைகளில் தாழ்ந்தும் நிற்கிறது. முன்பு சோறு உண்ட நாட்களில் உம்மாவுக்குப் பகலுணவுக்குப் பின் 220-ஐத் தாண்டியதை நாளேட்டில் காட்டினேன். அந்த 112-ஐ அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள்.

இதைச் சாக்காகவும் கொள்ளக் கூடாது. காலை அளவு தொடர்ந்து 130-க்கு மேல் நின்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை இங்கே இரண்டாவது சாட்சி. அது 7 விழுக்காடு எனில் சராசரிச் சர்க்கரை சுமார் 154. அந்தச் சாட்சிக்கும் குறையுண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அதனை உயர்த்திக் காட்டக்கூடும். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருப்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று. பல வாரங்கள் மாவுச்சத்தை விலக்கியவர், ஒரு வலீமா விருந்தில் பிரியாணியும் வட்டலப்பமும் உண்டுவிட்டுச் சோதித்தால் எண் முன்னெப்போதையும்விடப் பாய்ந்து நிற்கலாம். திடீரென வந்த மாவுச்சத்தைக் கையாள உடல் பழக்கம் விட்டிருக்கிறது. குளுக்கோஸ் நீர் பருகிச் செய்யும் ஆய்வகப் பரிசோதனைக்கு முன் மூன்று நாட்களேனும் நாளொன்றுக்கு 150 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்று வகுத்திருப்பதும் இதனாலேயே.

இதுவரை சொன்னவை கவலையைக் குறைப்பதற்காக. இனிச் சொல்வது எச்சரிக்கை.

உணவு மாறிய மூன்றாவது வாரம், திங்கட்கிழமை, உம்மா உபரியான நோன்பு வைத்திருந்தார்கள். ஸஹரில் வழக்கம்போல் கிளிமிபிரைடு மாத்திரையையும் உட்கொண்டிருந்தார்கள். அஸருக்குப் பின் கைகள் நடுங்கின. நெற்றியில் வியர்வை அரும்பியது. சோதித்தபோது 61. “மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரந்தானே வாப்பா, பொறுத்துக்கொள்கிறேன்” என்றார்கள். கையைக் கழுவி, உலர்த்தி, மறுபடி சோதித்தேன். 58. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்லின. நடுங்கிய கை மூன்றாவது சாட்சி.

“உம்மா, உங்கள் உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதற்குக் கேடு வரும் நிலையில் நோன்பைத் திறப்பது அவன் தந்த சலுகை. சலுகையை ஏற்பதும் வணக்கந்தான்” என்றேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு சர்க்கரை கரைத்த நீரை வாங்கிப் பருகினார்கள். கண்கள் கலங்கியிருந்தன. 15 நிமிடங்களில் 84 வந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் உபரியான நோன்பை இடையில் விட்டால் களா கடமையில்லை. ஹனஃபீ மத்ஹபில் களா உண்டு. உடலுக்கு ஆபத்து நேரும்போது திறப்பது எந்த மத்ஹபிலும் குற்றமன்று. ரமளானில் நோன்பு நோற்கும் நீரிழிவாளருக்கெனப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், அளவு 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறக்கச் சொல்கிறது. பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சிச் சோதிக்காமல் இருப்போர் இதை அறிந்துகொள்க.

மறுநாள் நாளேட்டுடன் மருத்துவரிடம் சென்றோம். மாவுச்சத்தைக் குறைத்த பின்பும் பழைய அளவில் மாத்திரை தொடர்ந்ததே தாழ்சர்க்கரைக்குக் காரணம் என்றார், கிளிமிபிரைடை நிறுத்தினார். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவர் அளவை மாற்றித் தராமல் உணவை மட்டும் மாற்றுவது ஆபத்து. மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தே.

எண் நன்றாக இருந்தும் உடல் ஆபத்தில் இருக்கும் நிலை ஒன்றும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளை உட்கொள்வோருக்கு, சர்க்கரை 250-க்குக் கீழே இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகுந்துவிடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் இதுபற்றி எச்சரித்தது. கீட்டோ உணவும் நீண்ட பட்டினியும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு தோன்றினால், கருவி 140 காட்டுகிறதே என்று நிம்மதி கொள்ளாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சகோதரர்களே, காலை எண் உயர்ந்தால் “என்ன பாவம் செய்தேனோ” என்று புலம்புவோரையும், தாழ்ந்தால் “இனி மருந்தே வேண்டாம்” என்று மகிழ்வோரையும் நான் பார்க்கிறேன். கருவி சொல்வது அந்த நொடியில் அந்தச் சொட்டு இரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவு மட்டுமே. அது இறைவனின் கோபத்தையும் அளப்பதில்லை, நோய் தீர்ந்ததற்குச் சான்றும் தருவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. அளவையும், நேரத்தையும், உண்டதையும், உட்கொண்ட மருந்தையும் ஒரு நாளேட்டில் எழுதுங்கள். உணவை மாற்றும் முன்பும், ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். முதியோர் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளட்டும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைகளில் இதுவும் ஒன்று.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவன் தந்த உடலைப் பேணி அவனையே வணங்கி வாழும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.