வால்டன் குளக்கரையில் ஓர் ஒற்றையடிப் பாதை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, கான்கார்ட் என்ற சிற்றூரின் ஓரத்தில் இருக்கிறது வால்டன் குளம். பெயர்தான் குளம். 60 ஏக்கருக்கு மேல் பரந்து கிடப்பதால் நம்மூர்க்காரர்கள் ஏரி என்றுதான் சொல்வார்கள். கோடை வந்துவிட்டால் குழந்தை குட்டிகளோடு குளிக்க வரும் கூட்டம் கரையை நிறைத்துவிடும். மரங்களுக்குப் பின்னால் அவ்வப்போது ரயில் தடதடத்துப் போகும். அமைதி தேடி வருபவர்களுக்கு அது சற்று ஏமாற்றம்தான். ஆனால் 1845-லும் அங்கே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஆண்டு ஜூலை 4-ம் தேதி இங்கே குடிவந்தார் ஹென்றி டேவிட் தோரோ. ஹார்வர்டில் படித்தவர். வயது 28-ஐத் தொட எட்டு நாள் பாக்கி. ரயில்பாதைத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை வாங்கி, பலகைகளைப் பிரித்து வந்து தானே வீடு கட்டிக்கொண்டார். 15 அடி நீளம், 10 அடி அகலம். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். கட்டில், மேஜை, மூன்று நாற்காலி என அதன் மாதிரி ஒன்றை வண்டிகள் நிறுத்தும் இடத்தருகே இன்றும் பார்க்கலாம்.

அவர் உலகத்தை வெறுத்துக் காட்டுக்கு ஓடிய சாமியார் அல்ல. நடந்தே அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் மனதில் இருந்தது வேறொரு பாரம். 1842 ஜனவரியில் அண்ணன் ஜானுக்குச் சவரக்கத்தி விரலில் பட்டது. சின்னக் காயம்தான். வில்வாத ஜன்னி கண்டு, தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. 1839-ல் இருவரும் தாங்களே செய்த படகில் ஆற்றுப் பயணம் போயிருந்தார்கள். அதைப் புத்தகமாக எழுதத்தான் ஹென்றிக்கு இந்தத் தனிமை வேண்டியிருந்தது.

நாளை என்பது உறுதியில்லை என்று அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவர், நாட்களை அவசரப்படுத்தவில்லை. விடிந்ததும் குளத்தில் குளியல். பிறகு இரண்டரை ஏக்கர் அவரைத் தோட்டத்தில் களைவெட்டு. சில நாள் அதுவும் இல்லை. காலையிலிருந்து உச்சிவேளை வரை வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் சிலர் சொல்லி வந்தார்கள். குளம் உறைந்திருந்த காலத்தில் அதன் மேல் நடந்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். 102 அடி! இன்றைய கணக்கும் ஏறக்குறைய அதுவே.

இவ்வளவு பிடித்த இடத்தை 1847 செப்டம்பர் 6-ம் தேதி விட்டுக் கிளம்பிவிட்டார். காரணமாக அவர் பின்னால் எழுதியது ஒரு சின்ன விஷயம். குடிவந்த ஒரு வாரத்துக்குள்ளேயே வாசலிலிருந்து தண்ணீர் வரை அவர் காலடி பட்டு ஒரு தடம் விழுந்துவிட்டதாம். தானே தேடி வந்த வாழ்க்கையும் பழகிய தடமாகிவிடுகிறதே என்பதுதான் அவருக்கு உறுத்தல். வாழ வேண்டிய வாழ்க்கைகள் இன்னும் சில பாக்கி இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அண்ணனின் நினைவாக எழுதிய அந்தப் புத்தகம் விற்கவில்லை. அச்சிட்ட 1,000 பிரதிகளில் 706 அவரிடமே திரும்பி வந்தன. நிலம் அளந்தும், குடும்பத்தின் பென்சில் தொழிலைக் கவனித்தும் பிழைத்தார். 1854-ல் 'வால்டன்' வெளிவந்தது. 1862-ல், 44 வயதில், காசநோயால் காலமானார். கான்கார்ட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சின்னக் கல்லில் 'ஹென்றி' என்று மட்டும் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் அதனருகே பென்சில்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

குளத்தைச் சுற்றி நடக்க இப்போது நல்ல பாதை இருக்கிறது. கரை மண் சரியாமல் இருக்க அதன் ஓரங்களில் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது.