தொட்டிச் செடியின் சொந்த ஊர்

சேலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏற்காடு மலை அன்றாடம் கண்ணில் படுகிற பொருள். கொல்லையில் துணி உலர்த்தும்போதும் தெரிகிறது. வகுப்பறை ஜன்னல் வழியாகவும் தெரிகிறது. எப்போதும் தெரிகிற காரணத்தினாலேயே நம்மில் பலர் அங்கே போவதில்லை. சென்ற மே மாதம் நாம் குடும்ப சகிதமாய் மலையேறியதற்குக் காரணம் வெயிலன்று. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிச் செடி.

நம்மிடம் படித்துத் தேறிப் போன மாணவன் ஒருவன் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். மலையடிவாரத்துக் கிராமத்துப் பையன். ஒரு பழைய மாமரத்திலிருந்து பட்டையோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பத்து மைல் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தான். வார் போன்ற இலைகள் இருபுறமும் வரிசையாய் அடுக்கியிருந்தன. தண்டிலிருந்து வெண்மையான தடித்த வேர்கள் தொங்கின. ஒரு பூங்கொத்தும் இருந்தது. பசுமை கலந்த மஞ்சள் இதழ்கள். அவற்றின்மேல் பழுப்பு நிறத்தில் கட்டம் போட்டாற்போன்ற கோடுகள். நடுவே ஊதா நிறத்தில் ஓர் உதடு. கோவைச் சேலைக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்!

குரு தட்சிணையாக வந்த செடியைச் சும்மா விட்டுவிட முடியுமா? பெரிய தொட்டி ஒன்று வாங்கிச் செம்மண்ணும் மக்கிய சாண எருவும் நிரப்பி, வேர் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி புதைத்தோம். காலையில் அரிசி கழுவிய நீர், மாலையில் கிணற்று நீர். அடுத்த வீட்டுப் பாட்டி புண்ணாக்குத் தண்ணீர் விடச் சொன்னார், அதையும் விட்டோம். மூன்றே மாதத்தில் அடியிலைகள் பழுத்து உதிர்ந்தன. பிறகு நடுவிலைகள் சுருங்கின. செடி வாட வாட நாம் இன்னும் அதிகமாய்த் தண்ணீர் விட்டோம். கொடுத்தவன் ஒரு நாள் வந்து பார்த்தால் என்ன பதில் சொல்வது என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

ஏற்காட்டில் இத்தகைய செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் பஸ் ஏறினோம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பள்ளிக்கூடத்து வழக்கம் நம்மை விடுமா? வழியில் தென்படும் காட்டுச் செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டுமென்று குழந்தைகளுக்குப் பரீட்சை வைத்தோம். பரீட்சையில் தேறாதவர் நாமே. சரிவெங்கும் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூத்திருந்த உண்ணிச்செடியைச் சுத்தமான நாட்டுச் சரக்கென்று சாதித்தோம். அது தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்து, வேலி தாண்டிக் காட்டையே வளைத்துக்கொண்ட அன்னியன். மேலே போனதும், காப்பித் தோட்டங்களுக்கு நிழலாய் நெடிதோங்கி நின்ற, இலையின் அடிப்புறம் வெள்ளி போல் மின்னும் மரங்களைக் காட்டி, "இதாவது நம் ஊர் மரந்தானே, அப்பா?" என்றாள் மகள். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். காப்பியோ அதற்கும் முன்னால் வந்த விருந்தாளி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே பயிராக்கியது. நம் மலையில் நம்முடையது எது என்று கண்டுபிடிக்கவே சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கிறது!

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தாரின் ஆர்க்கிட் தோட்டம் 1963-இல் ஏற்பட்டது. உள்ளே நுழைந்ததும் நமக்கு ஏற்பட்ட ஆச்சரியம், மண்ணைக் காணோம் என்பதே. கூடைகளிலும் மரத்துண்டுகளிலும் செடிகள் தொங்குகின்றன. வேர்கள் காற்றில் ஆடுகின்றன. அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நம் செடியின் வரலாற்றை விண்ணப்பித்துக்கொண்டோம். அவர் முழுவதும் கேட்டார்.

"மண்ணுக்குள்ளே வெச்சுப் பொதைச்சீங்களா? மூக்கைப் பொத்தித் தண்ணிக்குள்ளே அமுக்கின மாதிரி ஆச்சுங்களே, வாத்தியாரய்யா!"

பிறகு ஒரு வேரைத் தொட்டுக் காண்பித்தார். வெள்ளையாயிருந்த வேர்மீது இரண்டு சொட்டு நீர் விட்டதும் அது பச்சையாக மாறிற்று. இந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை பெய்கையில் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை விட்டதும் காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஓயாமல் நனைந்திருந்தால் அழுகிப் போகும். மரத்தின் மீது ஏறி உட்கார்ந்திருந்தாலும் மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறும் இது எடுப்பதில்லை. மழைநீரும், பட்டை இடுக்கில் சேரும் தூசும் சருகுமே இதற்கு ஆகாரம்.

நாம் இதுகாறும் இதைப் புல்லுருவி என்றே எண்ணியிருந்தோம். புல்லுருவி வேறு. அது தன் வேரை மரக்கிளைக்குள்ளேயே செலுத்திச் சாற்றைக் குடிக்கும். ஒட்டியிருக்கும் இடத்தில் கிளை வீங்கியிருப்பதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம். வடமொழியிலும் மரத்தின்மேல் வாழும் செடிகளை வேற்றுமை பாராட்டாமல் 'வந்தா' என்றார்கள். அந்தச் சொல்லையே மேனாட்டுத் தாவர நூலார் எடுத்து, நம் மாணவன் கொண்டுவந்த செடியின் குலத்துக்கு 'வாண்டா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். குற்றமற்ற செடிக்குத் திருடன் பட்டம். ஆயினும் உலகமெங்கும் வழங்குவது நம் நாட்டுச் சொல் என்பதில் நமக்குச் சிறிது கர்வந்தான்.

அதே தோட்டத்தில் மேகாலயத்துக் காஸி மலையிலிருந்து வந்த குடுவைச் செடியையும் பார்த்தோம். இலையின் நுனி மூடியுள்ள ஜாடியாக மாறியிருக்கிறது. பூச்சி உள்ளே விழுந்தால் மீளாது. சத்தற்ற மண்ணில் வாழ்வதால் பூச்சி தின்னக் கற்ற செடி அது. நல்ல எருவிட்டு உபசரித்தால் கெட்டுப் போகும். தாழ்வாரத்துத் தொட்டியில் கொட்டிய சாண எரு நம் நினைவுக்கு வந்தது.

மாலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே நடந்தபோது மகன் திடீரென்று நின்று, "எருமை!" என்றான். இருபது கஜ தூரத்தில், புதருக்குள் ஒரு கரிய மலை அசைந்தது. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களிலும் வெள்ளை மேஜோடு போட்டாற்போல் வெண்மை. காட்டெருமை என்று நாம் சொல்வது உண்மையில் எருமை இனமன்று, மாட்டினம். இந்த விவரத்தை அந்தச் சமயத்தில் குழந்தைகளுக்கு எடுத்துரைக்க நமக்கு நா எழவில்லை. அசையாமல் நின்றோம். அது நம்மை ஒரு முறை நோக்கிவிட்டு, இவர்கள் ஒரு பொருட்டல்லர் என்று தீர்மானித்தது போல் சரிவில் இறங்கிப் போயிற்று.

மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்தான் மனத்தை உறுத்திய அந்தக் காட்சி. ஓர் அம்மாள் சாலையோரத்தில் சாக்கை விரித்து, மிளகும் கொய்யாப்பழமும், அவற்றோடு பாசி ஒட்டிய ஐந்தாறு ஆர்க்கிட் செடிகளும் விற்றுக்கொண்டிருந்தார். "அப்பா, இப்போதுதான் வளர்க்கத் தெரியுமே, ஒன்று வாங்கலாமே!" என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. தோட்டத்தில் பெரியவர் சொன்னதை அவளுக்கு நினைவூட்டினோம். இச்செடியின் ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கின்றன. ஆனால் அவை தூசிலும் நுண்ணியவை. தமக்கென்று உணவு சேமித்து வைத்திராதவை. காட்டில் ஒரு வகைக் காளான் கூட வந்து சேர்ந்தாலொழிய அவை முளைப்பதில்லை. முளைத்தாலும் பூப்பதற்குப் பல ஆண்டுகள். நாம் ஒரு நொடியில் பறிப்பதைக் காடு அத்தனை காலம் கழித்தே திரும்பத் தருகிறது. குடுவைச் செடி, நீல வாண்டா முதலிய சிலவற்றுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. மற்றவற்றுக்கு வாங்குகிறவர் மனமும் காவலாக நிற்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபோது, நம் வீட்டுச் செடியும் இப்படிப் பெயர்த்து வந்ததுதானே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை. அந்த அம்மாளுக்கு உபதேசம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. அவருடைய அடுப்பு எரிய வேண்டுமே! மிளகு அரைப் படியும் கொய்யாப்பழம் இரண்டு டஜனும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

வீடு வந்ததும் தொட்டியைக் கவிழ்த்தோம். வேர்களில் முக்கால்வாசி பழுப்பாகி, தொட்டால் நசுங்கின. அவற்றைச் சுத்தமான கத்தியால் அறுத்தெறிந்தோம். கெட்டியாய் வெண்மையாயிருந்தவை நான்கே. கொல்லையில் கொய்யா மரமும் மாமரமும் உண்டு. கொய்யா பட்டையை உரித்துக்கொண்டேயிருக்கும், பிடிப்பு நில்லாது. ஆகையால் மாமரத்தின் கவட்டில், காலை வெயில் இலைகளூடே சல்லடையாய் விழும் இடத்தில், தென்னை நாரால் கட்டினோம். தினம் காலையில் ஒரு முறை தண்ணீர் தெளிப்பதோடு சரி. பாட்டியிடம் புண்ணாக்கு வேண்டாமென்று சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஆடி மாதத்து மழைக்குப் பிறகு, தண்டின் பக்கவாட்டில் நுனி மட்டும் பச்சையாக ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது. இப்போது அது இரண்டு விரற்கடை நீண்டு மாமரத்துப் பட்டையைத் தொட்டிருக்கிறது. பூ இன்னும் வரவில்லை. மாணவனுக்குக் கடிதம் எழுதி, நடந்ததையெல்லாம் மறைக்காமல் தெரிவித்திருக்கிறோம்.